புகை எந்தப் பக்கம் போகிறது? கடற்போர் ஓவிய நகல்கள்: கேள்வி பதில்

பழைய கடற்போர் ஓவியங்களை எண்ணெய் வண்ணத்தில் நகல் எடுப்பது என் வேலை. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஆங்கில ஓவியர் டர்னரின் டிராஃபல்கர் கடற்போர் ஓவியத்தை நகல் எடுத்துத் தரச் சொல்ல ஆசை. சுவரில் மூன்றடி அகலம்தான் இருக்கிறது. நன்றாக வருமா?

பதில்: வராது. லண்டனின் கிரீனிச் அருங்காட்சியகத்தில் இருக்கும் மூல ஓவியம் 261.5 செ.மீ உயரம், 368.5 செ.மீ அகலம். உங்கள் சுவருக்கு ஏற்றபடி குறைத்தால் கால் பங்குதான் மிஞ்சும். மூலத்தில் 4 மி.மீ தடிமனில் ஒரு கயிறு இருந்தால் உங்களுக்கு 1 மி.மீ. முன்னால் தத்தளிக்கும் ஆட்கள் எறும்புக் கூட்டம்போல ஆகிவிடுவார்கள். ஒரு மூலையை மட்டும் வெட்டி எடுத்து வரையச் சொல்லுங்கள். இல்லையென்றால் மூலமே சிறியதாக உள்ள படத்தைத் தேர்ந்தெடுங்கள். டச்சு ஓவியர் இளைய வில்லெம் வான் டி வெல்டே 1680 வாக்கில் வரைந்த 'பீரங்கி வெடி' 78.5 செ.மீ உயரமும் 67 செ.மீ அகலமும்தான். அதில் இருப்பது சண்டை இல்லை, அசையாத கடலில் ஒரு கப்பல் வெடிக்கும் ஒற்றை வெடி. ஆனாலும் எனக்குப் பல போர்க்களங்களைவிட அதுதான் பிடிக்கும்.

கேள்வி: அந்த டிராஃபல்கர் படத்தில் பிழைகள் அதிகமாமே! நகலில் சரி செய்துவிடலாமா?

பதில்: செய்யாதீர்கள். பிரிட்டன் கடற்படை பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களோடு மோதிய அந்தப் போர் நடந்தது 1805 அக்டோபர் 21. அன்று முற்பகலில் ஏற்றிய சைகைக் கொடி, பிற்பகல் ஒரு மணிக்கு முறிந்த பாய்மரம், மாலையில் எரிந்த அஷீல் என்ற பிரெஞ்சுக் கப்பல், மறுநாள் மூழ்கிய ரெடூட்டாபிள் என்ற இன்னொரு பிரெஞ்சுக் கப்பல் எல்லாவற்றையும் டர்னர் ஒரே கணத்தில் அடுக்கிவிட்டார். கடற்படைக்காரர்கள் அப்போதே குறை சொன்னார்கள். ஆனால் நீங்கள் நகல் எடுப்பது டர்னரின் படத்தை, போரை அல்ல. திருத்த ஆரம்பித்தால் அது வேறு படம்.

கேள்வி: எனக்கு ஓவியமும் தெரியாது, கப்பலும் தெரியாது. கைக்கு வந்த நகல் நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: காற்றைப் பாருங்கள். படத்தில் காற்று ஒன்றுதான். புகை, கொடி, பாய், அலை நான்கும் அதற்குக் கட்டுப்பட்டவை. பின்காற்றில் போகும் கப்பலில் கொடி கப்பலின் மூக்குப் பக்கமாகப் பறக்கும். கப்பலைப் புரிந்துகொள்ளாமல் நகல் எடுப்பவர், ஓடும் வண்டியில் கட்டிய கொடியைப்போல அதைப் பின்னால் பறக்க விடுவார். மூலத்தில் முன்னால்தான் இருக்கும், இவருடைய கை தானாகத் திருப்பிவிடும்! புகையும் அப்படித்தான். காற்று வரும் பக்கம் நிற்கும் கப்பலின் பீரங்கிப் புகை எதிரியை நோக்கிப் போக வேண்டும். கொடி கிழக்கே, புகை மேற்கே என்று இருந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம்.

முன்பு சொன்ன இளையவரின் அப்பா, மூத்த வான் டி வெல்டே, சிறு படகில் டச்சுக் கடற்படையோடு போய், சண்டை நடக்கும்போதே கோட்டோவியம் போட்டவர். அப்படிப் பார்த்து வரைந்தவர்களின் படத்தில் ஒரு கயிறு தளர்ந்திருந்தால்கூடக் காரணம் இருக்கும்.

கொடியின் உருவத்தையும் ஒருமுறை பாருங்கள். பிரிட்டன் கொடியில் மூலைக்கு மூலை சாய்வாகப் போகும் சிவப்புக் கோடுகள் சேர்ந்தது 1801-இல். பிரிட்டனும் பிரான்சும் மோதிய 1794 ஜூன் கடற்போரைக் காட்டும் படத்தில் அவை இருந்தால், வரைந்தவர் மூலத்தைப் பார்க்காமல் பழக்கத்தில் போட்டிருக்கிறார்.

கேள்வி: கையால் வரைந்தது என்று விற்றார்கள். அச்சடித்து மேலே ஏதோ பூசியதுபோலத் தெரிகிறது.

பதில்: பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அச்சாக இருந்தால் நுண்ணிய புள்ளிகள் தெரியும். மேலே ஜெல் தடவியிருந்தால், அந்தத் தூரிகைத் தடம் படத்தோடு ஒட்டாது. பாய் ஒரு பக்கம் வளைய, தடம் வேறு பக்கம் போகும்.

கேள்வி: நான் வரையும் புகை பஞ்சுபோல இருக்கிறது. ஏன்?

பதில்: டைட்டானியம் வெள்ளையை அப்படியே போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தவர் பயன்படுத்தியது ஈய வெள்ளை. அது சற்றுக் கதகதப்பான நிறம், அடியில் இருப்பதையும் லேசாகக் காட்டும். ஈயம் நஞ்சு, அது வேண்டாம். டைட்டானியத்தில் துளி காவி மஞ்சள் கலந்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை போடுங்கள். அப்புறம், புகைப்படத்தைப் பார்த்து வரைகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை: பழுத்த வார்னிஷோடு எடுத்த படமாக இருந்தால் வானமே மஞ்சளாகத் தெரியும். அதையும் சேர்த்து நகல் எடுத்துவிட்டு மாலைக் காட்சி என்று சொல்லிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் தன் பழைய ஓவியங்களின் பெரிய கோப்புகளை இலவசமாகவே தருகிறது. அதில் தொடங்குங்கள்.

கேள்வி: நகல் எடுப்பது திருட்டு ஆகாதா?

பதில்: ஆகாது. இந்த ஓவியர்கள் இறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, காப்புரிமை முடிந்தது. மூலமென்று சொல்லி விற்றால்தான் மோசடி. பாரிஸ் லூவ்ரில் அனுமதி வாங்கி உட்கார்ந்தே நகல் எடுக்கலாம். ஆனால் மூலத்தின் அளவிலேயே வரையக்கூடாது, ஓவியரின் கையெழுத்தையும் போடக்கூடாது.

கேள்வி: கயிறு வரையும்போது கை நடுங்குகிறது.

பதில்: எல்லோருக்கும் நடுங்கும். நீண்ட மயிர் கொண்ட 'ரிக்கர்' தூரிகை வாங்குங்கள். கப்பல் கயிறு வரையவே பிறந்தது, பெயரும் அதிலிருந்துதான்: கப்பல் கயிறுகளுக்கு ஆங்கிலத்தில் 'ரிக்கிங்' என்று பெயர். வண்ணத்தை மையளவுக்கு இளக்குங்கள். கைத்தாங்கு கோலில் மணிக்கட்டை வைத்து, தோளிலிருந்து ஒரே இழுப்பு. அடியில் உள்ள வானம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் தவறிய கோட்டைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி இழுக்க முடியும். நான் ஒரு கயிற்றை ஏழெட்டு முறைகூடத் துடைத்திருக்கிறேன்.