கேமராவுக்குக் காசு கொடுக்கும் முன் கண்ணாடியைக் கொஞ்சம் வெளியே திருப்புங்கள்

தம்பி, அமெரிக்கா வந்து மூன்று மாதம் என்கிறீர்கள். வலப்பக்க ஸ்டியரிங்கில் பழகிய கைக்கு இப்போது இடப்பக்க ஸ்டியரிங். ஹைவேயில் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, காலி என்று நினைத்து லேன் மாறப் போனபோது பக்கத்திலிருந்தே ஹார்ன் அலறியிருக்கிறது. இப்போது பழைய கார் இரண்டு பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்றில் வெறும் கண்ணாடி. இன்னொன்றில் இண்டிகேட்டர் போட்டால் பக்கத்து லேன் திரையில் தெரியும், விலை கூட. "அக்கா, அந்தக் கேமராவுக்காகக் கூடுதலாகக் கொடுக்கலாமா, கண்ணாடியே போதுமா?" என்பது உங்கள் கேள்வி.

கேமராவுக்காக மட்டும் என்றால் வேண்டாம். கண்ணாடி போதும். ஆனால் நீங்கள் இப்போது வைத்திருக்கும் கோணத்தில் அது போதாது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? பக்கக் கண்ணாடியில் உங்கள் காரின் பின்கதவு நன்றாகத் தெரிகிறதா, இல்லையா? தெரியும். எல்லோருக்கும் தெரியும். எனக்கும் முதல் ஐந்தாறு வருடம் தெரிந்தது.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அப்படித்தான் சொன்னார்: கண்ணாடியில் கால்வாசி உன் வண்டி தெரிய வேண்டும், அப்போதுதான் ஒரு அளவு கிடைக்கும் என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் என் காரின் கதவு எங்கேயும் ஓடிப்போகப் போவதில்லை. அதை மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் கண்காணித்துக்கொண்டிருந்து என்ன பயன்? அந்தக் கோணத்தில் நடுக் கண்ணாடியும் இரண்டு பக்கக் கண்ணாடிகளும் ஏறக்குறைய ஒரே காட்சியைத்தான் காட்டும்: உங்களுக்கு நேர் பின்னால் வருகிறவனை மூன்று தடவை. பக்கத்தில் வருகிறவனை ஒரு தடவைகூட இல்லை. பிளைண்ட் ஸ்பாட் என்று ஏதோ பொட்டு மாதிரிப் பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் ஒரு முழுக் கார் ஒளிந்துகொள்ளும் இடம் அது.

இதை வடிவியல் கணக்காகப் போட்டுக் காட்டியவர் ஜார்ஜ் பிளாட்சர் என்ற பொறியாளர். 1995-இல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்துக்கு அவர் எழுதிய கட்டுரை, இந்த மறைவிடம் ஏன் உண்டாகிறது, கண்ணாடியை எப்படித் திருப்பினால் அது சுருங்கும் என்று விளக்கியது. அவர் சொன்ன வழிக்கு ஒரு கருவியும் வேண்டாம்.

முதலில் சீட்டைச் சரிசெய்யுங்கள். பிறகு நடுக் கண்ணாடியில் காரின் பின்ஜன்னல் முழுதும் தெரியும்படி வையுங்கள். இப்போது தலையை இடப்பக்க ஜன்னலில் ஏறக்குறைய முட்டும் அளவுக்குச் சாயுங்கள். அங்கிருந்து பார்க்கும்போது உங்கள் காரின் ஓரம் மயிரிழை தெரியும் வரை இடக் கண்ணாடியை வெளியே திருப்புங்கள். அடுத்தது வலது. உடம்பைக் காரின் நடுப்பக்கம், இரண்டு சீட்டுக்கும் இடையே, சாய்த்துக்கொண்டு அங்கிருந்து வலப்பக்க ஓரம் மயிரிழை தெரியும்படி வலக் கண்ணாடியைத் திருப்புங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் இரண்டிலும் உங்கள் கார் தெரியாது. தெரியக் கூடாது.

சரி, இனி ஒரு வண்டி உங்களை முந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் நடுக் கண்ணாடியில் இருக்கும். அதிலிருந்து நழுவும் முன்பே பக்கக் கண்ணாடியில் தலைகாட்டும். பக்கக் கண்ணாடியிலிருந்து நழுவும் முன்பே அதன் முன்பகுதி உங்கள் கடைக்கண்ணில் படும். கை மாறிக் கை கொடுப்பது மாதிரி. இரவில் இன்னொரு லாபம் உண்டு: பின்னால் வருகிறவனின் ஹெட்லைட் பக்கக் கண்ணாடி வழியாக உங்கள் கண்ணில் அடிக்காது.

முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும், சொல்லிவிடுகிறேன். சொந்தக் கார் தெரியாததால் கண்ணாடி வேறு யாருடையதோ போலத் தோன்றும். நான் மூன்றாம் நாளே பழையபடி திருப்பிவிட்டேன். பிறகு வெட்கப்பட்டு மறுபடி மாற்றினேன். ரிவர்ஸ் எடுக்கும்போதும் நடைபாதை ஓரம் நிறுத்தும்போதும் தலையைக் கொஞ்சம் சாய்த்தால் காரின் பக்கவாட்டு தெரிந்துவிடும். ஒரே காரை நீங்களும் மனைவியும் ஓட்டுவதாக இருந்தால், சண்டை வராமல் இருக்க, அவரவர் ஏறியதும் திருப்பிக்கொள்வது என்று முதலிலேயே பேசி வைத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம், வேறு நாட்டில் ஓட்டிவிட்டு வருகிறவர்களைத் தடுமாற வைப்பது. இங்கே ஓட்டுநர் பக்கக் கண்ணாடி சமதளமாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் தெரியும் வண்டி உள்ளது உள்ளபடி தெரியும். மறுபக்கக் கண்ணாடி குவிந்திருக்கலாம், அதனால்தான் அதில் தெரிவதைவிட வண்டிகள் பக்கத்தில் இருக்கின்றன என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். ஐரோப்பாவில் ஓட்டுநர் பக்கமும் குவிந்த கண்ணாடி சாதாரணம். ஆக, அங்கே பழகிய கண் இங்கே இடக் கண்ணாடியில் குறுகலாகப் பார்க்கும். அந்த இடக் கண்ணாடிக்குப் பழகிவிட்டால், வலக் கண்ணாடியில் "தூரத்தில்தானே இருக்கிறான்" என்று ஏமாறும். லேன் மாறும் முன் வலப்பக்க வண்டியின் முன்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிய, அவன் நடுக் கண்ணாடியில் முழுதாகத் தெரிகிறானா என்று பார்ப்பதே நல்லது. மூலையில் ஒட்டும் சின்ன வட்டக் கண்ணாடியும் மோசமில்லை. அதில் 'யாராவது இருக்கிறார்களா' என்று மட்டும் கேளுங்கள், 'எவ்வளவு தூரத்தில்' என்று கேட்காதீர்கள்.

கழுத்து விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு ஹார்ன் அடித்தவன் இடப்பக்கம் இருந்தானா, வலப்பக்கம் இருந்தானா என்று எழுதவில்லை. வலப்பக்கம் என்று பந்தயம் கட்டுவேன். இத்தனை நாள் ஜன்னல் உங்கள் வலத்தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கம் ஒரு பார்வை போதுமாக இருந்தது. இப்போது அதே பக்கம் ஒரு சீட், ஒரு தூண், பின்சீட்டுக் கதவு எல்லாம் தாண்டிப் பார்க்க வேண்டும். கழுத்துக்கு அது இன்னும் தெரியாது. கண்ணாடி எவ்வளவு சரியாக இருந்தாலும், லேன் மாறும் முன் தோளுக்கு மேலே ஒரு வெட்டுப் பார்வை வேண்டும். உடம்பையே திருப்ப வேண்டாம், தாடை தோளைத் தொட்டுத் திரும்பினால் போதும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குக் கார் 28 மீட்டர் போய்விடும், அதனால் முன்னால் இருப்பவனோடு இடைவெளி விட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். லைசென்ஸ் டெஸ்டில் பக்கத்தில் உட்காருகிறவரும் உங்கள் தலை திரும்புகிறதா என்றுதான் கவனிப்பார். நான் முதல் தடவை தோற்றது அதில்தான். கண்ணை மட்டும் உருட்டியிருக்கிறேன், தலை அசையவில்லை.

இனி கேமரா. முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள், விற்கிறவர்கள் சேர்த்தே பேசுவார்கள். பக்கக் கண்ணாடியில் சின்ன விளக்கு எரிந்தால் அது பெரும்பாலும் ரேடார். பின் பம்பரின் இரு மூலைகளில் ஒளிந்திருக்கும். திரையில் படம் வந்தால் கேமரா. ஹோண்டா 2013 மாடல் அக்கார்டில் லேன்வாட்ச் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வலக் கண்ணாடிக்கு அடியில் கேமரா, வலது இண்டிகேட்டர் போட்டால் நடுத் திரையில் படம். சாதாரணக் கண்ணாடி இருபது டிகிரி அளவில் காட்டும் இடத்தில் அது எண்பது டிகிரி காட்டியது. ஆனால் வலப்பக்கம் மட்டும்தான். பிறகு வந்த அக்கார்டில் அதைக் கைவிட்டு இரண்டு பக்கமும் ரேடாருக்குப் போய்விட்டார்கள். ஹூண்டாய், கியா கார்கள் சிலவற்றில் இரண்டு பக்கமும் கேமரா உண்டு, படமும் ஸ்டியரிங்குக்கு நேரே உள்ள மீட்டரில் வரும். பார்வை சாலையை விட்டு அதிகம் விலகாது என்பதால் எனக்கு இது பரவாயில்லை என்று தோன்றுகிறது.

நடுத் திரையில் படம் வருவது எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் என் வயது. சமதளக் கண்ணாடியில் தெரியும் வண்டி உண்மையில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரத்துக்கே கண் குவிகிறது. சாலையிலிருந்து கண்ணாடிக்கும் திரும்பிச் சாலைக்கும் கண் சிரமப்படாமல் போய்வரும். திரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அது ஒரு கணம் மங்கலாகத்தான் தெரியும். உங்களுக்கு இப்போது புரியாது, போகட்டும். இன்னொன்று, கண்ணாடியில் தலையைச் சாய்த்தால் காட்சி விரியும். திரையில் எவ்வளவு சாய்ந்தாலும் அதே படம்தான்.

குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் சேறும் சேர்ந்து லென்ஸில் படிந்தால் படம் சாம்பல் நிறமாகிவிடும். ரேடாரும் தப்பாது: பம்பரில் பனி அப்பிக்கொண்டால் 'சென்சார் மறைந்திருக்கிறது' என்று கார் சொல்லிவிட்டு வேலையை நிறுத்தும். சொல்லிவிட்டு நிறுத்துகிறதே, அந்த நேர்மையாவது இருக்கிறது. பழைய ரேடார்கள் பலவும் பக்கத்தில் ஏற்கெனவே இருப்பவனைத்தான் காட்டும், தொலைவிலிருந்து பாய்ந்து வருகிறவனை அல்ல. விளக்கு எரியவில்லை என்று நம்பி நான் ஒருமுறை நகர்ந்தேன். பின்னால் ஒருவன் பறந்து வந்துகொண்டிருந்தான். நடுக் கண்ணாடியைப் பார்த்திருந்தால் அவன் அரை நிமிடமாகத் தெரிந்துகொண்டிருந்திருப்பான்.

கேமரா எங்கே ஜெயிக்கும் என்றால், பின்னால். காரின் பின் பம்பருக்கு ஒட்டிய இடத்தில் ஒரு குழந்தை நின்றால் எந்தக் கண்ணாடியும் காட்டாது, எந்தக் கழுத்தும் எட்டாது. அதனால்தான் 2018 மே மாதத்திலிருந்து இங்கே விற்பதற்காகத் தயாராகும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் ரிவர்ஸ் கேமரா கட்டாயம். நீங்கள் பார்க்கும் கார் அதற்கு முந்தையது, அது இல்லாதது என்றால், பக்கக் கேமராவை மறந்துவிட்டு இதற்குச் செலவு செய்யுங்கள், தனியாகப் பொருத்தலாம். வலது பக்கம் திரும்பும்போது உரசிக்கொண்டு வரும் சைக்கிள்காரரைக் காட்டுவதிலும் பக்கக் கேமரா உதவும், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆக, இரண்டு காரும் மற்றபடி சமம் என்றால் கேமரா உள்ளதை எடுங்கள், ரேடார் விளக்கு உள்ளது கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் டயரும் பிரேக்கும் நன்றாக உள்ள வண்டியை விட்டு, அவை தேய்ந்த வண்டியைத் திரைக்காக வாங்காதீர்கள். சென்ற வருடம் வாடகைக் கார் ஒன்று எடுத்தேன். இண்டிகேட்டர் போட்டுவிட்டு, கண்ணாடியில் விளக்கு எரிகிறதா என்று காத்திருக்கிறேன். எரியவில்லை. நகரப் போன பிறகுதான் உறைத்தது, அந்தக் காரில் அப்படி ஒரு விளக்கே கிடையாது.

இந்த ஞாயிறு காலியான பார்க்கிங் இடம் ஒன்றுக்குப் போங்கள். கண்ணாடியை நான் சொன்னபடி திருப்பிவிட்டு நிமிர்ந்து உட்காருங்கள். மனைவியைக் காருக்குப் பின்னாலிருந்து, பக்கத்து லேன் இருக்கும் தூரத்தில், மெதுவாக முன்னே நடந்து வரச் சொல்லுங்கள். நடுக் கண்ணாடி, பக்கக் கண்ணாடி, கடைக்கண் என்று ஏதாவது ஒன்றில் அவர் எப்போதும் இருக்க வேண்டும். எங்காவது காணாமல் போனால் அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, அவர் தெரியும் வரை கண்ணாடியை இன்னும் கொஞ்சம் திருப்புங்கள். அப்புறம் வலப்பக்கமும் ஒரு நடை.