பனோரமா ரூட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜோஹானஸ்பர்க்கில் இறங்கி குரூகர் சரணாலயம் போகிறோம். வழியில் தென்னாப்பிரிக்காவின் பனோரமா ரூட் என்ற மலைச்சாலையை அரை நாளில் பார்த்துவிட முடியுமா?

பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஜோஹானஸ்பர்க்கிலிருந்து இந்த ரூட்டில் உள்ள கிராஸ்கோப் ஊருக்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர். நடுவில் டீ குடிக்க நிறுத்தினால் ஐந்து மணி நேரம் ஓடிவிடும். கிராஸ்கோப்பில் இரண்டு இரவு தங்குங்கள். நடுவிலுள்ள நாளை முழுதாகப் பிளைட் நதிப் பள்ளத்தாக்குக்குக் கொடுங்கள். மறுநாள் காலை ஹேசிவியூ வழியாகக் குரூகரின் ஃபாபேனி வாயிலுக்குப் போய்விடலாம். சிங்கம் ஒரு நாள் காத்திருக்கும்.

எந்த இடத்தில் தொடங்குவது?

கிராஸ்கோப்புக்குப் பக்கம் என்பதால் டூர் வேன்கள் பெரும்பாலும் காட்ஸ் விண்டோவுக்குத்தான் முதலில் போகும். நீங்கள் தலைகீழாகப் போங்கள். காட்ஸ் விண்டோ கிழக்கு பார்த்த மலை விளிம்பு. காலையில் வெயில் கண்ணில் அடிக்கும். இல்லையென்றால் மூடுபனி எல்லாவற்றையும் மறைத்திருக்கும்.

எனவே காலையில் நேராகப் போர்க்ஸ் லக் பாட்ஹோல்ஸ். ட்ரூர் நதி பிளைட் நதியோடு சேருமிடம் இது. சுழலில் சிக்கிய மணலும் கூழாங்கல்லும் சுற்றிச் சுற்றிப் பாறையைக் குடைந்து, ஆட்டுக்கல் குழிபோல வழவழவென்று ஆக்கியிருக்கின்றன. நடைபாலத்தில் நின்று குனிந்து பாருங்கள்: குழிக்குள் தண்ணீர் கறுத்துக் கிடக்கும், சுற்றுச்சுவரில் மஞ்சளும் செம்பழுப்பும் வரிவரியாக ஓடும். பெரும்பாலோர் படம் எடுத்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். ஒரு மணி நேரமாவது இருங்கள்.

மதியத்துக்கு மேல் த்ரீ ரொண்டாவல்ஸ். கூம்புக் கூரை போட்ட வட்டக் குடிசைகள் போன்ற மூன்று குன்றுகள் பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில் நிற்கும். அப்போது சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருப்பதால் பாறையின் சிவப்பு பளிச்சென்று தெரியும்; கீழே அணையின் நீர்ப்பரப்பும் வளைந்து கிடக்கும். திரும்பும் வழியில் காட்ஸ் விண்டோ.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல், மே. மழை ஓய்ந்திருக்கும், பச்சை காய்ந்திருக்காது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அருவிகள் பொங்கும். ஆனால் மூடுபனி ஏமாற்றும். ஆகஸ்ட், செப்டம்பரில் புல்வெளித் தீயின் புகை தூரக் காட்சியை மங்கலாக்கிவிடும். குளிர்காலமான ஜூன், ஜூலையில் போவதானால் கனமான ஸ்வெட்டர் அவசியம்.

அருவிகளில் ஒன்றே ஒன்று என்றால்?

லிஸ்பன். 90 மீட்டருக்கு மேல் விழுகிறது. மக் மக் அருவிக்குச் சுவையான கதை உண்டு: ஒற்றைத் தாரையாக விழுந்ததைத் தங்கம் தேடியவர்கள் வெடி வைத்து இரண்டாக்கிவிட்டார்கள். அழகு என்று பார்த்தால் எனக்கு லிஸ்பன்தான்.

நாங்களே கார் ஓட்டலாமா?

தாராளமாக. நம்மூர் போலவே இடப்பக்கம்தான். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்திருங்கள். பெட்ரோல் பங்கில் நீங்கள் இறங்க வேண்டாம், ஊழியரே நிரப்புவார். சிறிது டிப்ஸ் கொடுப்பது வழக்கம். பாட்ஹோல்ஸ் பார்க்கப் போகும் சாலையிலும் குழிகளுக்குப் பஞ்சமில்லை, அதற்கு டிக்கெட் மட்டும் கிடையாது! இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள்.

சார்ஜருக்கு அடாப்டர் வேண்டுமா?

வேண்டும். ஆனால் ஒரு சௌகரியம்: அங்கே பழைய சுவர்ப் பிளக்குகள் நம் வீட்டு ஏ.சி., கீசருக்குப் போடும் பெரிய மூன்று முள் அளவுதான். அந்த அளவுள்ள அடாப்டரை இங்கேயே மின்சாமான் கடையில் வாங்கிவிடலாம்.

மலேரியா பயம் உண்டா?

கிராஸ்கோப் மலைமேல் இருக்கிறது, கவலையில்லை. குரூகர் தாழ்நிலம், கோடை மழைக்காலத்தில் அபாயம் கூடுதல். கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே மருத்துவரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள்.

சைவம் கிடைக்குமா?

கிராஸ்கோப் பான்கேக்குக்குப் பேர்போன ஊர். கீரையும் சீஸும் வைத்து மடித்த பான்கேக் ஒன்று மதியச் சாப்பாட்டுக்குப் போதும். ஊரை விட்டு வெளியே போனால் இறைச்சிதான் ராஜா. காரில் ரொட்டியும் பழமும் எப்போதும் இருக்கட்டும். கண்ணாடியை மட்டும் ஏற்றி வையுங்கள், பபூன் குரங்குகள் கேட்டு வாங்கும் பழக்கம் உள்ளவை அல்ல.