‘ரன்’ என்னும் வினைச்சொல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வங்கித் தேர்வுக்காக ஆங்கிலம் படித்துவருகிறேன். ‘ரன்’ என்ற ஒரு வினைக்கு அகராதியில் பக்கம் பக்கமாகப் பொருள் இருப்பதைக் கண்டு மலைத்துப்போனேன். 645 பொருள்கள் என்றும் சொல்கிறார்கள். கடை நடத்துவதும் காய்ச்சலும் தேர்தலும் எப்படி ‘ஓடுதல்’ ஆகும்? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

க., விருதுநகர்

அன்புள்ள க.,

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான பீட்டர் கில்லிவர் அந்த வினைக்குக் கண்ட பொருள்களின் கணக்காக 645 என்ற எண் 2011இல் செய்திகளில் வந்தது. நூலிழை வேறுபாட்டுக்கும் தனி எண் கொடுப்பது அகராதிக்காரர்களின் கடமை. படிப்பவர் அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நமக்கு நேரும் இடர்ப்பாடு வேறு. தானே நிகழ்வதை ‘ஓடு’ என்றும், நிகழச் செய்வதை ‘ஓட்டு’ என்றும் தமிழ் வடிவத்திலேயே பிரித்துவிடுகிறது. பழைய ஆங்கிலத்திலும் தானாக ஓடுவதற்கு ‘இர்னன்’, குதிரையை ஓட்டிச் செல்வதற்கு ‘ஏர்னன்’ என்று இரு வினைகள் இருந்தன. அவை காலப்போக்கில் கலந்து இன்றைய ‘ரன்’ ஆயின. ஆகவே இந்தச் சொல்லைக் காணும்போது, பின்னால் செயப்படுபொருள் வருகிறதா என்பதையே முதலில் பாருங்கள். ‘தி பஸ் ரன்ஸ் டெய்லி’ என்றால் பேருந்து நாள்தோறும் ஓடுகிறது. ‘ஷி ரன்ஸ் எ ஷாப்’ என்றால் அவர் கடை நடத்துகிறார். கடையை இயங்கச் செய்பவர் அவர் என்பதால், இது அந்தப் பழைய பிறவினையின் வழியில் வந்த பொருள்.

தானே நிகழும் பொருள்களில் பல, நீர் பாய்வதிலிருந்து விரிந்தவை. குழாயில் தண்ணீர் வருகிறது, மூக்கு ஒழுகுகிறது, துணியில் சாயம் போகிறது என்று நாம் மூன்று வினைகளால் சொல்வதை ஆங்கிலம் ‘ரன்’ என்ற ஒன்றாலேயே சொல்லிவிடும். ஒப்பந்தம் ஐந்தாண்டு நீடிப்பதும், சாலை ஊர்நடுவே செல்வதும் தானே நிகழும் பொருள்களே. காய்ச்சலுக்கு மட்டும் என் விதி உதவாது. ‘ரன்னிங் எ ஃபீவர்’ என்பதில் செயப்படுபொருள் இருந்தாலும் காய்ச்சலை யாரும் நடத்துவதில்லை; அதைத் தொடராகவே மனத்தில் கொள்ளுங்கள்.

தேர்தலுக்கு ‘ரன்’ என்பது அமெரிக்க வழக்கு. வேட்பாளர்களைப் பந்தயத்தில் ஓடுபவர்களாகக் காண்பது அது. பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ என்பார்கள், நாம் ‘தேர்தலில் நிற்கிறார்’ என்பதைப் போலவே.

தேர்வில் அதிகம் இடறச் செய்பவை இந்த வினையை ஒட்டி வரும் சிறுசொற்கள்தாம். ‘ரன் அவுட் ஆஃப்’ என்றால் கைவசம் தீர்ந்துபோதல். ‘ரன் இன்டு’ என்றால் எதிர்பாராமல் சந்தித்தல், அல்லது மோதுதல். ‘ரன் டௌன்’ என்றால் வண்டியால் மோதி வீழ்த்துதல், அல்லது ஒருவரை மட்டம்தட்டிப் பேசுதல். இவற்றில் ‘ரன் இன்டு’ பிரியாது, ‘ஐ ரேன் இன்டு ஹிம்’ என்றே வரும். ‘ரன் டௌன்’ பிரியும், ‘தே ரேன் ஹிம் டௌன்’ என்று ‘ஹிம்’ நடுவில்தான் அமரும். வினைமுற்றில் ஒன்றை மறவாதீர்கள்: இறந்தகாலத்தில் ‘ரேன்’, ஆனால் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ ஆகியவற்றுக்குப் பின் மீண்டும் ‘ரன்’. ‘ஹேஸ் ரேன்’ என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.