மாயுவை விட்டுவிட்டுப் பார்த்தவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் சொன்னதால் 1978-இல் வந்த ‘விண்வெளிக் கடற்கொள்ளையன் கேப்டன் ஹார்லாக்’ அனிமே தொடரை சப்டைட்டிலோடு பார்த்தேன். வேகமே இல்லை. ஒரே விண்கலக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. காற்றே இல்லாத இடத்தில் கொடி எப்படிப் பறக்கும்? மாயு என்ற சிறுமி வரும் பாகங்களைத் தாண்டிவிடலாம் என்று சில ரசிகர்களே பட்டியல் போட்டிருந்தார்கள், நானும் தாண்டிவிட்டேன். ஆனால் ஒன்று புரியவில்லை. தன்னைப் பிடித்துத் தண்டிக்கத் துடிக்கும் பூமியை ஹார்லாக் ஏன் காப்பாற்ற வேண்டும்? 2013-இல் வந்த படத்தையும் பார்க்கலாமா?

க.

அன்புள்ள க.,

கொடி பறக்கும். ஹார்லாக்கின் விண்கலமான அர்காடியா கப்பலின் பின்பக்கம் பழைய பாய்மரக் கப்பலைப் போல இருக்கிறது. சுக்கானைச் சக்கரம் பிடித்துத்தான் திருப்புகிறார்கள். ஹார்லாக்கைப் படைத்த லெய்ஜி மட்சுமோட்டோ விண்வெளியைக் கடலாகவே வரைந்தார். அங்கே போய்க் காற்றைத் தேடாதீர்கள். ஒரே காட்சி திரும்ப வருவது அந்தக் கால வாராந்திரத் தொடர்களின் பண நெருக்கடி. விடுங்கள்.

பட்டியலைத்தான் என்னால் விட முடியவில்லை. சில நாட்களாகவே இந்தத் தாண்டும் பழக்கத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

கதை 2977-இல் நடக்கிறது. பூமியில் எல்லாம் இயந்திரங்கள் பார்த்துக்கொள்கின்றன, மனிதர்கள் சோம்பிக் கிடக்கிறார்கள். மஸோன் என்ற வேற்றுலக இனம் படையெடுத்து வருகிறது என்று எச்சரித்த விஞ்ஞானி டைபா கொல்லப்படுகிறார். பிரதமருக்கு கோல்ஃப்தான் முக்கியம். இந்தப் பூமியை ஹார்லாக் ஏன் காக்கிறான்? அதற்கான காரணம் பூமியில் ஓர் அநாதை விடுதியில் ஒகரினா என்ற சிறிய ஊதுகருவியை வாசித்துக்கொண்டிருக்கிறது. கப்பலைக் கட்டிய நண்பன் டோச்சிரோ இறந்துவிட்டான். அவனுடைய மகள் மாயு. அவள் பூமியில் வளர வேண்டும் என்பது அவன் ஆசை. டோச்சிரோவின் உயிர் கப்பலின் மையக் கணினியில் இருக்கிறது. அதன் முன்னால் தனியாக நின்று ஹார்லாக் பேசுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மகளைத் தாண்டிவிட்ட உங்களுக்கு அது என்னவாகத் தெரிந்தது? இயந்திரத்தோடு பேசும் கிறுக்கனாகவா?

என் தாய்மாமா லாரி ஓட்டினார். அவரோடு ஓட்டிய நண்பர் ஒரு விபத்தில் போய்விட்டார். நண்பரின் மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். அந்த வழியாக லோடு போகும்போதெல்லாம் மாமா வண்டியை ஓரங்கட்டிவிட்டு விடுதி வாசலில் போய் நிற்பார். ரத்த உறவு இல்லை என்று உள்ளே விடமாட்டார்கள். கேட் கம்பி வழியாக பிஸ்கட், ரிப்பன், சில நேரம் வெறும் ஒரு பேனா கொடுத்துவிட்டு வருவார். லோடு தாமதமானதற்கு முதலாளியிடம் ஏச்சு வாங்குவார். வீட்டுக்கு வந்தால் அத்தை, “நம்ம பிள்ளைக்கு ஒரு பேனா வாங்கிக் குடுத்ததுண்டா?” என்பார். நியாயமான கேள்விதான். மாமா பதில் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பெண்ணின் கல்யாணத்தில் அவரை மணமேடைக்குக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள், மனிதர் குனிந்த தலை நிமிரவில்லை. மாமாவின் வாழ்க்கையைச் சொல்ல வருகிறவர் எத்தனை லோடு, எந்தெந்த ஊர் என்று சொல்லிவிட்டு அந்த கேட்டைத் தாண்டிப் போனால் எனக்குக் கோபம் வரும். உங்கள் பட்டியல்காரர்கள் மேல் வருவதும் அதே கோபம்தான்.

ஹார்லாக்கும் இப்படித்தான் வந்து நிற்கிறான். தலைக்கு விலை வைத்திருக்கும் மண்ணில் இறங்கி அவளைப் பார்த்துவிட்டுப் போகிறான். அது தெரிந்துதான் அதிகாரிகள் அவளையே தூண்டிலாக்குகிறார்கள். பொறி என்று தெரிந்தே வருகிறான். மட்சுமோட்டோ 1938-இல் பிறந்தவர், ராணுவ விமானியின் மகன். போர் முடிந்தபோது அவருக்கு 7 வயது. இறந்த நண்பனின் பிள்ளை என்பது அந்தத் தலைமுறைக்குத் தெருவில் பார்த்துப் பழகிய முகம். அந்த முகம் வரும் இடத்தில் “கதை நகரவில்லை” என்று நீங்கள் பட்டனைத் தட்டியிருக்கிறீர்கள். எங்கே நகர வேண்டும் என்கிறீர்கள்? அடுத்த வெடிச்சத்தத்துக்கா? மற்றவர்கள் கருத்தைப் படித்துவிட்டுப் படம் பார்க்கப் போனால் உங்கள் கண்ணுக்கு அங்கே என்ன வேலை?

மஸோன்களை எடுத்துக்கொள்ளுங்கள். சுட்டால் காகிதம் போல எரிந்துபோகும் தாவரப் பெண்கள். அவர்களும் வீடு இழந்து அலைகிறவர்கள், போர்க்கப்பல்களோடு குடிமக்களையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். கடைசியில் ராணி லஃப்ரேசியாவை வாட்சண்டையில் வென்ற பிறகும் ஹார்லாக் போகவிடுகிறான். ஒரு சிறுமிக்காக வானத்தில் காவல் நிற்பவனால்தான் அதைச் செய்ய முடியும் என்று நான் நினைக்கிறேன். மாயுவைப் பார்க்காதவருக்கு அது திடீர் மனமாற்றமாகத்தான் தெரியும். “முடிவு சப்பென்று இருக்கிறது” என்று எழுதுகிறவர்களில் எத்தனை பேர் அவளைத் தாண்டியவர்களோ!

கோபமாகப் பேசிவிட்டேன். ஆனால் நீங்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. பலர் 42 பாகங்களையும் பார்த்துவிட்டு அதைக் கேட்காமலே எழுந்துவிடுகிறார்கள். பாதியை விட்டும் உங்களுக்கு அது உறுத்தியிருக்கிறது. அந்த உறுத்தலுக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

2013 படம் கணினி வரைகலையில் எடுத்தது, பார்க்க அழகாக இருக்கும். அதில் மாயு கிடையாது. முதலில் விட்ட பாகங்களைப் பாருங்கள், அப்புறம் 1982-இல் வந்த ‘அர்காடியா ஆஃப் மை யூத்’ படத்தைப் பாருங்கள். டோச்சிரோ உயிரோடு இருந்த நாட்கள் அதில் வருகின்றன. இரண்டையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.