விட்கென்ஸ்டைன்: இந்த வரியில் பேசுவது யார்?

கேள்வி: சார், தத்துவவாதி விட்கென்ஸ்டைனின் 'தத்துவ ஆய்வுகள்' நூலை மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் பாதியில் விட்டேன். என்ன தப்பு செய்கிறேன்?

பதில்: ஒரே ஆள் பேசுவதாக நினைத்துப் படித்திருப்பீர்கள். விட்கென்ஸ்டைன் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1953இல் வந்த நூல் அது. முதல் பாகம் முழுக்க எண்ணிட்ட 693 குறிப்புகள். ஒரு குரல் சொல்லும், இன்னொன்று குறுக்கே பாயும். யார் பேச்சு என்பதற்கு மேற்கோள் குறியோ சிறு கோடோதான் அடையாளம், சில இடத்தில் அதுவும் கிடையாது. ஓரத்தில் பென்சிலால் 'இது யார்?' என்று குறித்துக்கொண்டே போங்கள்.

கேள்வி: 'சொல்லின் பொருள் அதன் பயன்பாடே.' இதுதானே சாரம்?

பதில்: 43ஆம் குறிப்பை முழுசாகப் பாருங்கள். நிறைய இடங்களுக்கு, ஆனால் எல்லா இடத்துக்கும் அல்ல என்ற நிபந்தனை முன்னால் நிற்கிறது. அப்புறம், நமக்கென்று ஒரு தொல்லை: தமிழில் 'பொருள்' என்றால் அர்த்தம், வஸ்து இரண்டும்தான். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு வஸ்து நிற்கிறது என்ற படத்தைத்தான் அவர் முதல் குறிப்பிலேயே, பழைய கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகஸ்டினை மேற்கோள் காட்டி, கேள்விக்குள்ளாக்குகிறார். அதனால் நான் 'அர்த்தம்' என்றே எழுதுவேன்.

கேள்வி: பெட்டிக்குள் வண்டு உவமையின்படி வலி என்ற ஒன்றே இல்லையா?

பதில்: 293ஆம் குறிப்பு. ஆளுக்கொரு பெட்டி, உள்ளே இருப்பதை எல்லோரும் 'வண்டு' என்கிறார்கள், பிறர் பெட்டியை யாரும் எட்டிப் பார்க்க முடியாது. ஒருவர் பெட்டி காலியாகக்கூட இருக்கலாம். அப்படியும் அந்தச் சொல் புழங்குகிறது என்றால், உள்ளே இருப்பதற்கு அதில் வேலையில்லை. இங்கேயே மூடிவிட்டால் நீங்கள் சொன்ன முடிவுதான் கிடைக்கும். கடைசி வாக்கியத்தில் ஒரு 'என்றால்' இருக்கிறது: வலியை 'வஸ்து, அதற்கொரு பெயர்' என்ற அச்சில் வார்த்தால், வஸ்து தேவையற்றதாக உதிர்ந்துவிடும். உதிர்ப்பது அந்த அச்சு, அவரல்ல. 304இல் எதிர்க்குரல் உங்கள் கேள்வியையே கேட்கிறது. வலி ஏதோ ஒன்று அல்ல, ஒன்றுமில்லாததும் அல்ல என்று விட்கென்ஸ்டைன் பதில் சொல்கிறார். இது எனக்குப் பிடிபட வெகுநாள் ஆனது.

கேள்வி: விட்கென்ஸ்டைனைப் பற்றி எழுதிய அமெரிக்கத் தத்துவவாதி கிரிப்கேயை முதலில் படிக்கலாமா?

பதில்: வேண்டாம். 1982இல் வந்த அவர் நூல் 201ஆம் குறிப்பின் புதிரைப் பிடித்துக்கொள்கிறது: எந்தச் செயலையும் விதிக்குப் பொருந்தவைக்கலாம் என்றால், விதி எதைத்தான் தீர்மானிக்கும்? கூர்மையான நூல்தான். ஆனால் அதே குறிப்பின் அடுத்த பத்தி, இதில் ஒரு தவறான புரிதல் இருக்கிறது என்று தொடங்குகிறது. அந்த இரண்டு பத்திக்கும் ஓரத்தில் பென்சில் குறி போட்ட பிறகு கிரிப்கேயைத் திறங்கள்.