கடலை சாஸ் ஏன் இறுகிப்போச்சு? - வாசகர் கடிதம்

வணக்கம் அக்கா,
பாலக்கோட்டுலேருந்து எழுதறேன். பையன் பொறந்தநாளுக்கு எப்பவும் போடற சிக்கன் 65 வேணாம்னு, இந்தோனேசியாவுல குச்சியில குத்தி வாட்டற சாத்தே மாதிரி சின்னச் சின்ன சிக்கன் துண்டும் கடலை சாஸும் பண்ணேன். நெஞ்சுக்கறிய முந்தின நாள் ராத்திரியே எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ஊற வெச்சேன், ஆனா ரப்பர் மாதிரி ஆயிடுச்சு. கடையில வாங்கின பீநட் பட்டர்ல பண்ண சாஸ் ஆறினதும் லேகியம் மாதிரி இறுகிப்போச்சு, மேல எண்ணெய் வேற மிதந்துச்சு. அடுத்த மாசம் வீட்டுக்கு இருபது பேர் வர்றாங்க, மறுபடி பண்ணணும்னு ஆசை. எங்க தப்பு?

அன்புள்ள தங்கச்சிக்கு,
எண்ணெய் மிதந்தது தப்பே இல்ல, சாத்தே சாஸ்ல மேல செவப்பா எண்ணெய் நிக்கணும், அதான் அழகு. கடலையில பாதிக்குப் பக்கம் எண்ணெய்தானே, வெந்தா பிரிஞ்சு வரத்தான் செய்யும்.

தப்பு எலுமிச்சம்பழத்துல. புளிப்புல ராத்திரி முழுக்க கெடந்தா கறி இறுகிப்போயிடும், அதுவும் கொழுப்பே இல்லாத நெஞ்சுக்கறி. எலும்பெடுத்த தொடைக்கறி கேட்டு வாங்குங்க, இருபது பேருக்கு ஒன்றரை கிலோ போதும். ஒரு இஞ்ச் துண்டா வெட்டி, மஞ்சள், மல்லி, சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு, எலுமிச்சைப்புல் கெடச்சா ஒரு தண்டு, எல்லாத்தையும் அரைச்சு உப்பும் ஒரு துண்டு வெல்லமும் சேர்த்து ரெண்டு மணி நேரம் ஊறட்டும். புளிப்பு வேணாம், அது சாஸ்ல வரும். கல்லுல கொஞ்சம் கொஞ்சமா போட்டு வாட்டுங்க, மொத்தமா கொட்டினா தண்ணி விட்டு வெந்துரும், ஓரம் கருகவே கருகாது. மூங்கில் குச்சியில குத்தறதா இருந்தா குச்சிய அரை மணி நேரம் தண்ணியில போட்டு வைங்க.

இப்ப சாஸ். நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு கடலைய ஏங்க டப்பாவுல வாங்கறீங்க, எனக்கு நெஜமாவே மனசு கேக்கல. எங்கம்மா ராகி களிக்கு கடலை சட்னி அரைப்பாங்க, வறுத்த கடலை, வரமொளகா, பூண்டு, புளி, சாத்தே சாஸ் வாயில வெச்ச மொத தடவ எனக்கு அந்த சட்னிதான் ஞாபகம் வந்துச்சு. அமெரிக்கக் கண்டங்கள்ல பொறந்த கடலையும் மொளகாயும் கப்பலேறி ஜாவாவுக்கும் போச்சு, நம்மகிட்டயும் வந்துச்சு, அங்க தேங்காப்பால் சேர்ந்து சாஸாச்சு, இங்க களிக்கு சட்னியாச்சு, அவ்ளோதான் வித்தியாசம்.

200 கிராம் கடலைய சிறுதீயில பொறுமையா வறுத்து தோல் நீக்கி, மிக்ஸிய விட்டு விட்டு ஓட்டி கொரகொரப்பா எடுங்க, ஒரேயடியா ஓட்டினா எண்ணெய் விட்டு பசையாயிடும். சுருங்கினது, கருத்தது, பூஞ்சை வாசம் வர்றது எல்லாத்தையும் மொதல்லயே தூக்கிப் போட்டுடுங்க, அந்த பூஞ்சை விஷம் வறுத்தாலும் முழுசா போகாது. ஆறு வரமொளகா ஊற வெச்சு, எட்டு சின்ன வெங்காயம், நாலு பூண்டோட அரைச்சு கடலெண்ணெய்ல பச்ச வாசம் போக வதக்குங்க. அப்புறம் நெல்லிக்கா அளவு புளி கரைச்சது, வெல்லம், ஒரு டம்ளர் தேங்காப்பால், உப்பு, கடைசியா கடலை. தளதளன்னு கொதிக்க விடாம சிறுதீயில பத்து நிமிஷம். அரைச்ச கடலை தண்ணிய இழுத்துக்கிட்டே இருக்கும், ஆற ஆற இன்னும் கெட்டியாகும், உங்களுக்கு லேகியமானது இதனாலதான். அதனால தோசை மாவை விட தளர்வா இருக்கும்போதே எறக்குங்க, பரிமாறும்போது இறுகியிருந்தா சுடுதண்ணி ரெண்டு கரண்டி விட்டு கலக்கினா சரியாயிடும்.

முக்கியமா ஒண்ணு, சாஸ கறி மேல ஊத்தாதீங்க, தனி கிண்ணத்துல வெச்சு இது கடலைன்னு வர்றவங்ககிட்ட வாய்விட்டு சொல்லுங்க. கடலை ஒத்துக்காதவங்களுக்கு வாய் வீங்கும், மூச்சு திணறும், உயிருக்கே ஆபத்து, அப்படி ஏதாவது ஆனா ஒரு நிமிஷம் கூட யோசிக்காம 108க்கு கூப்பிடுங்க. யாருக்காவது ஒத்துக்காதுன்னு முன்னாடியே தெரிஞ்சா அன்னைக்கு இந்த ஐட்டமே வேணாம், தெரியாம கரண்டி மாறினாலே போதும், ஆபத்துதான்.

மிச்சமாகற சாஸ ஃபிரிட்ஜ்ல வெச்சு மறுநாள் நல்லா சூடு பண்ணி களிக்கு தொட்டு சாப்பிட்டுப் பாருங்க.