ஒரு யூனிட் கரன்ட்டுக்கு எத்தனை சதோஷி?

கேள்வி: மாதச் சம்பளத்தில் இருப்பவன். அவசரத் தேவைக்கான பணத்தைத் தனியாக வைத்துவிட்டேன். அதற்கு மேல் கொஞ்சம் தொகை சும்மா கிடக்கிறது. வீட்டிலேயே வைத்து ஓட்டக்கூடிய சின்ன பிட்காயின் மைனிங் மெஷின் ஒன்று வாங்கலாம் என்று யோசனை. மூன்று பார்த்து வைத்திருக்கிறேன்: உள்ளங்கை அளவில் திரையோடு வரும் நெர்ட்மைனர், ஒற்றைச் சிப் உள்ள பிட்ஆக்ஸ் காமா, பழைய ஆன்ட்மைனர் எஸ்9. எஸ்9-தான் வேகமும் அதிகம், அந்த வேகத்துக்கு விலையும் மலிவு. எதை வாங்கினால் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும்?

பதில்: மூன்றுமே போட்ட பணத்தைத் திருப்பித் தராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் நீங்கள் மனதில் முடிவு செய்துவிட்ட எஸ்9, கையைக் கடிக்கிற ரகம். இதை எந்த நாட்டுப் பணத்திலும் போடாமல் சதோஷியிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். 10 கோடி சதோஷி சேர்ந்தால் ஒரு பிட்காயின்.

மைனிங் என்பது சரியான எண் ஒன்று கிடைக்கும்வரை மெஷின்கள் விடாமல் ஊகித்துக்கொண்டே இருக்கும் போட்டி. ஒவ்வொரு ஊகமும் ஒரு ஹாஷ்; நொடிக்கு ஒரு லட்சம் கோடி ஊகம் என்பது ஒரு டெராஹாஷ் வேகம். ஜெயிக்கிற மெஷின் பரிவர்த்தனைகளின் அடுத்த தொகுப்பை, அதாவது பிளாக்கை, பதிந்து பரிசு வாங்கும். பிட்காயினில் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக் விழுகிறது, ஒரு நாளைக்கு 144. 2024 ஏப்ரலில் நடந்த ஹாவிங்குக்கு (பிளாக் பரிசு பாதியாகும் நிகழ்வு) பிறகு ஒரு பிளாக்குக்குப் புதிதாகக் கிடைப்பது 3.125 பிட்காயின். ஆக, உலகத்தில் ஓடும் அத்தனை மெஷின்களும் சேர்ந்து ஒரு நாளில் பங்கு போட்டுக்கொள்வது 450 பிட்காயின். பரிவர்த்தனைக் கட்டணம் அதற்கு மேல் கொசுறு. நெட்வொர்க்கின் மொத்த வேகம் 2025-ல் 1000 எக்ஸாஹாஷைத் தாண்டியது, அதாவது நொடிக்கு 100 கோடி டெராஹாஷ். இது கூடும் குறையும். இப்போதைக்கு அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். 450 பிட்காயினை 100 கோடி பங்காகப் போட்டால் ஒரு டெராஹாஷுக்கு ஒரு நாளில் கிடைப்பது 45 சதோஷி.

பிட்ஆக்ஸ் காமா 1.2 டெராஹாஷ் ஓடும். நாளைக்கு 54 சதோஷி. சுமார் 18 வாட் எடுக்கும், அதாவது நாளைக்கு 0.43 யூனிட். எரிக்கிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் 125 சதோஷி வருகிறது. எஸ்9 வேகம் 13.5 டெராஹாஷ், நாளைக்கு 607 சதோஷி என்றதும் கண் விரியும். ஆனால் அது இழுப்பது 1350 வாட், நாளைக்கு 32 யூனிட்டுக்கு மேல். யூனிட்டுக்கு 19 சதோஷிகூடத் தேறாது. 2016-ல் வந்த மெஷின் அது. மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே, அதை ஓட்டினவர்களுக்குக் கரன்ட் பில் கட்டுப்படியாகவில்லை என்பதுதான்.

எந்த மெஷினைப் பார்த்தாலும் இதைச் செய்யுங்கள். வாட் எண்ணை டெராஹாஷ் எண்ணால் வகுத்தால் ஒரு டெராஹாஷுக்கு எத்தனை ஜூல் என்று கிடைக்கும். 1875-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஒரு யூனிட் கரன்ட் எத்தனை சதோஷி ஈட்டும் என்பது வந்துவிடும். அவலான் நானோ 3எஸ் 6 டெராஹாஷ், 140 வாட்: 80 சதோஷி. அவலான் மினி 3 37.5 டெராஹாஷ், 800 வாட்: 88. பெரிய ஆன்ட்மைனர் எஸ்21 200 டெராஹாஷ், 3500 வாட்: 107. நெட்வொர்க் வேகம் 1000 எக்ஸாஹாஷிலிருந்து எவ்வளவு ஏறுகிறதோ, 1875 அதே விகிதத்தில் சுருங்கும். 1200 ஆகிவிட்டால் 1875-க்குப் பதில் 1560 போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் ஒரு யூனிட் கரன்ட்டின் விலையை ஒரு பிட்காயினின் அன்றைய விலையால் வகுத்து 10 கோடியால் பெருக்குங்கள். வருவது நீங்கள் ஒரு யூனிட்டுக்குக் கொடுக்கும் சதோஷி. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்: மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்த சராசரியை எடுத்துவிடுவார்கள். அடுக்குமுறைக் கட்டணம் உள்ள இடத்தில் மெஷினின் யூனிட் எல்லாம் உச்ச அடுக்கில்தான் போய் உட்காரும். கடைசி அடுக்கின் கட்டணத்தை எடுங்கள். கொடுப்பது ஈட்டுவதைவிட அதிகமாக இருந்தால், மெஷினை இலவசமாகக் கொடுத்தாலும் நஷ்டம்தான்.

கரன்ட்டில் தப்பித்தாலும் மெஷின் விலை இருக்கிறது. அதே தொகைக்கு இன்று எத்தனை சதோஷி வாங்கலாம் என்று பாருங்கள். பேச்சுக்கு 1,50,000 சதோஷி என்று வைப்போம். நாளைக்கு 54 வீதம், கரன்ட் ஓசி என்றாலுமே 2,777 நாள், ஏழரை வருடம். அந்த 54-ம் நிலையானது இல்லை. 2016 பிளாக்குக்கு ஒரு முறை, கிட்டத்தட்ட இரண்டு வாரத்தில், நெட்வொர்க் தன் கடினத்தன்மையை, அதாவது பிளாக் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்ற அளவை, சரிசெய்துகொள்கிறது. உலகில் மெஷின்கள் கூடக் கூட உங்கள் பங்கு தேயும். 2028-ல் எதிர்பார்க்கப்படும் அடுத்த ஹாவிங்கில் பிளாக் பரிசு 1.5625 ஆகிவிடும், 54 என்பது ஒரே நாளில் 27. பிட்காயின் விலை ஏறினால் எல்லாம் சரியாகிவிடுமே என்று கேட்கலாம். விலை ஏறும் என்று உறுதியாக நம்புகிறவர் அந்த 1,50,000 சதோஷியை நேரடியாக வாங்கி வைப்பதுதானே புத்திசாலித்தனம்? மெஷின் வாங்குவது அதே பந்தயத்தைக் குறைந்த சதோஷியோடு கட்டுவது.

நெர்ட்மைனரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மைனிங் சிப்பே இல்லாத சாதாரண மைக்ரோகன்ட்ரோலர் அது. நொடிக்கு 80 கிலோஹாஷ் போட்டால், ஒரு பிளாக் பிடிக்கச் சராசரியாக ஆகும் காலம் பிரபஞ்சத்தின் வயதைப்போல 17 மடங்கு. மேசை மேல் அழகாக எண் ஓடும். பொம்மை விலைக்குக் கிடைத்தால் பொம்மையாக வாங்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று வாங்கத்தான் வேண்டும் என்றால், பிட்ஆக்ஸ் காமாவை வாங்குங்கள். முதலீட்டுக் கணக்கில் எழுதாமல் கேமரா, கிட்டார் வாங்குகிற செலவுக் கணக்கில் எழுதுங்கள். மைனிங் எப்படி நடக்கிறது என்று கையால் தொட்டுக் கற்றுக்கொள்ள அது நல்ல சாமான். வாட் குறைவு, சத்தமும் பொறுக்கிற அளவு. எஸ்9, எஸ்21 வகையறா எல்லாம் 75 டெசிபல் சுற்றி இரைச்சல் போடுபவை. மூடிய கதவுக்கு அந்தப் பக்கமும் கேட்கும். எஸ்21-க்கு 230 வோல்ட்டில் இரவும் பகலும் 15 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். தனி வயரிங் இல்லாத பிளக் பாயின்ட் சூடேறி உருகக்கூடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. சிப் பெயர் பிஎம்1370 என்று இருக்க வேண்டும்; முந்தைய பிட்ஆக்ஸ் மாடல்களில் பிஎம்1366, பிஎம்1368 வரும், வேகம் அதில் பாதி அளவுதான். பிட்ஆக்ஸ் திறந்த வடிவமைப்பு என்பதால் யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். பழைய போர்டிலிருந்து கழற்றிய சிப்பை ஒட்டியதும் சந்தையில் உண்டு. வேறு காயினுக்கான மெஷினை ‘கிரிப்டோ மைனர்’ என்று பொதுப்பெயரில் தள்ளிவிடுபவர்களும் இருக்கிறார்கள். பிட்காயின் பயன்படுத்தும் கணக்கு முறையின் பெயரான எஸ்எச்ஏ-256 என்று எழுதியிருந்தால் மட்டுமே கையை வைக்கவும்.

காமாவைக் கொல்லும் முதல் எதிரி அடாப்டர். அதற்கு வேண்டியது 5 வோல்ட். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட், முனையும் அதே உருளை முனை. சொருகினால் பொருந்திவிடும், அடுத்த நொடி போர்டு போய்விடும். நான்கு சிப் உள்ள நெர்ட்கியூஆக்ஸ் வகைக்கு 12 வோல்ட்தான் வேண்டும் என்பதால் இரண்டும் வைத்திருப்பவர்கள் அடாப்டர் மேல் ஸ்டிக்கர் ஒட்டி வைப்பது நல்லது. 5 வோல்ட், 6 ஆம்பியர் என்று வாங்குங்கள். 18 வாட்டுக்கு 3.6 ஆம்பியர் போதுமே என்று 4 ஆம்பியர் அடாப்டரைப் போட்டால் லோடு ஏறும்போது வோல்ட் தொய்ந்து மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். போர்டில் உள்ள யுஎஸ்பி போர்ட் ஃபர்ம்வேர் (மெஷினின் உள் மென்பொருள்) ஏற்றுவதற்கு. அதிலிருந்து மைனிங் ஓடாது.

ஆன் செய்ததும் மெஷின் தன் பெயரில் ஒரு வைஃபை திறக்கும். போனில் அதில் சேர்ந்து 192.168.4.1 என்று பிரவுசரில் அடித்தால் அமைப்புப் பக்கம் வரும். வீட்டு வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸாக இருக்க வேண்டும். இதில் உள்ள சிப்புக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது, ‘வைஃபை பிடிக்கவில்லை’ என்ற புகார் பெரும்பாலும் இதனால்தான். பூல் (மெஷின் இணைந்து வேலை வாங்கும் சர்வர்) முகவரி, போர்ட், பயனர் பெயர் என்று மூன்று கட்டம் இருக்கும். பரிசைப் பிரிக்காமல் பிளாக் பிடித்தவருக்கே கொடுக்கும் சோலோ பூல்களில் பயனர் பெயர் என்பது உங்கள் பிட்காயின் முகவரியேதான். விற்றவர் சோதனைக்குப் போட்ட தன் முகவரியை அப்படியே விட்டிருக்கலாம். முதல் ஆறு எழுத்தையும் கடைசி ஆறு எழுத்தையும் உங்கள் வாலட்டோடு (பிட்காயினைப் பெற்று வைக்கும் ஆப் அல்லது கருவி) ஒப்பிடுங்கள். காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் கொடுத்த டெபாசிட் முகவரி வேண்டாம், அது மாறக்கூடியது. சாவி உங்கள் கையில் உள்ள வாலட்டின் முகவரியைக் கொடுங்கள். இந்தக் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குக் கடவுச்சொல் கிடையாது என்பதால், உங்கள் வைஃபையில் இருக்கும் யாரும் முகவரியை மாற்ற முடியும். ரவுட்டரில் போர்ட் திறந்து வெளியிலிருந்து பார்க்கும் வேலை கூடவே கூடாது.

வேகத்தைக் கூட்டும் ஆசை ஒரு வாரத்தில் வரும். இந்தச் சிப்பில் 2040 சின்னக் கோர்கள். அதை மெகாஹெர்ட்ஸால் பெருக்கினால் வேகம். 525-ல் 1.07 டெராஹாஷ், 600-ல் 1.22. அதற்கு மேல் போக கோர் வோல்ட் கூட்ட வேண்டும். வாட் வேகத்தைவிட விரைவாக ஏறும், யூனிட்டுக்கு 125 என்ற கணக்கு சரியும். சிப் 60 டிகிரிக்குள் நிற்கட்டும். பக்கத்தில் உள்ள வோல்டேஜ் ரெகுலேட்டருக்குத் தனி வெப்ப எண் காட்டும், அதையும் கவனியுங்கள். சிப் குளிர்ச்சியாக இருக்க இது கொதிப்பது சகஜம். கணக்குப்படி வர வேண்டிய வேகத்தைவிடக் குறைவாகவே நின்றால் மெகாஹெர்ட்ஸுக்கு வோல்ட் போதவில்லை என்று பொருள். மெகாஹெர்ட்ஸைக் குறைப்பதே நல்லது.

சோலோவா, பூலா? பங்கு பிரித்துக் கொடுக்கும் பூலில் நாளைக்கு 54 சதோஷி சேரும், ஆனால் குறைந்தபட்சப் பட்டுவாடாத் தொகையைப் பாருங்கள். 1,00,000 சதோஷி சேர்ந்தால்தான் அனுப்புவோம் என்றால் 5 வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். பிட்காயினின் சின்னப் பரிமாற்றங்களுக்கான லைட்னிங் நெட்வொர்க்கில் சின்னத் தொகையாக அனுப்பும் பூல் மட்டுமே இந்த அளவு மெஷினுக்கு ஒத்துவரும். சோலோவில் ஒரு வருடத்தில் பிளாக் விழும் வாய்ப்பு சுமார் 16,000-ல் ஒன்று. லாட்டரிச் சீட்டு என்று தெரிந்தே வாங்கினால் தப்பில்லை. மெஷினின் இதுவரையான சிறந்த ஊகம் எவ்வளவு கடினத்தன்மையை எட்டியது என்று காட்டும் திரையில் ‘பெஸ்ட் டிஃபிகல்டி 1 ஜி’ என்று வந்ததும் நெருங்கிவிட்டோம் என்று தோன்றும். நெருங்கவில்லை: 1 ஜி என்றால் 100 கோடி, காமா சராசரியாக ஆறு வாரத்துக்கு ஒன்று அப்படிப் பிடிக்கும், பிளாக்குக்கு வேண்டியது 140 லட்சம் கோடி. பத்து வருடம் ஓடிய மெஷினுக்கும் இன்று காலை சொருகிய மெஷினுக்கும் அடுத்த பிளாக்கில் உள்ள வாய்ப்பு ஒன்றேதான்.

கரன்ட் செலவைத் திரையில் காட்டும் வாட் எண்ணை வைத்து எழுதாதீர்கள். அடாப்டரில் வீணாகும் பங்கு அதில் வராது. சுவரில் சொருகும் வாட் மீட்டரை வாங்கி ஒரு வாரம் அளந்து பாருங்கள். எடுத்த கரன்ட் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். காமாவுக்கு அது பொருட்டல்ல. 800 வாட் மினி 3-க்கு ரொம்பவே பொருட்டு. குளிர்காலத்தில் காயில் ஹீட்டர் போட்டே ஆக வேண்டிய வீட்டில் அந்த மெஷின் ஹீட்டருக்குப் பதிலாக ஓடினால் கரன்ட் செலவு கூடுதலாக ஆகாது. மைனிங்கில் லாபம் பேசக்கூடிய ஒரே வீட்டுச் சூழல் அதுதான். ஏசி ஓடும் அறையில் வைத்தால் அதே வெப்பத்தை வெளியேற்ற ஏசி சுமார் மூன்றில் ஒரு பங்கு கரன்ட் கூடுதலாக எடுக்கும், 88 சதோஷி 66 ஆகிவிடும்.

மைனிங்கில் வந்த காயினை அது கிடைத்த நாளின் மதிப்பில் வருமானமாகப் பார்க்கும் வரிச் சட்டம் பல நாடுகளில் உண்டு. ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் தேதி, சதோஷி, அன்றைய விலை, அந்த மாத யூனிட் என்று நான்கு கட்டம் போட்ட நோட்டு முதல் நாளிலிருந்தே இருக்கட்டும்.